வேண்டாத பூ இல்லாத கதம்பம்: உங்கள் கொள்கைக்கு ஏற்ற இடிஎஃப்பைத் தேர்ந்தெடுப்பது

புகையிலையால் வீட்டில் ஒருவரைப் பறிகொடுத்த குடும்பத்திலிருந்து ஒருவர், தம் முதல் முதலீடாக, இந்தியாவின் ஐம்பது பெரிய நிறுவனங்களைக் கொண்ட நிஃப்டி 50 குறியீட்டைப் பின்தொடரும் இடிஎஃப் (பல நிறுவனப் பங்குகளின் தொகுப்பு) ஒன்றில் ஒரு லட்சம் ரூபாயைப் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கணமே, அவர் அறிந்தோ அறியாமலோ, ஐடிசி நிறுவனத்தில் ஒரு துளிப் பங்கு அவருடையதாகிவிடுகிறது. பிஸ்கட், கோதுமை மாவு, காகிதம் என்று பல தொழில்கள் அந்நிறுவனத்துக்கு உண்டு என்றாலும், அதன் லாபத்தில் பெரும்பகுதியைத் தருவது சிகரெட்தான்.

இது தெரியவந்ததும் அவர் மாற்று வழி தேடத் தொடங்குவார். 'நெறிசார்ந்த முதலீடு', 'பசுமை ஃபண்ட்', 'இஎஸ்ஜி' போன்ற சொற்கள் கண்ணில் படும். இந்தச் சொற்கள் மிகத் தளர்வாகப் புழங்குகின்றன. நல்ல நிறுவனங்களை யாரோ ஏற்கெனவே பொறுக்கி வைத்திருக்கிறார்கள், அந்தத் தொகுப்பை வாங்கினால் போதும் என்ற எண்ணம் பலரிடமும் இருக்கிறது. பொறுக்கியிருப்பது உண்மை. எந்த அளவுகோலைக் கொண்டு பொறுக்கினார்கள் என்று கேட்பவர்கள்தான் குறைவு. அந்த அளவுகோலை எப்படிப் படிப்பது என்பதே இக்கட்டுரையின் பொருள். இதில் வரும் ஃபண்டுகளின் பெயர்கள் எடுத்துக்காட்டுக்காகச் சொல்லப்படுபவை. எதையும் வாங்கும்படி பரிந்துரைப்பது நோக்கமில்லை.

## முழக்கணக்கில் வாங்கும் கதம்பம்

பூக்கடையில் கதம்பம் வாங்கும்போது மல்லிகை, கனகாம்பரம், மரிக்கொழுந்து என்று ஒவ்வொன்றாக நாம் பொறுக்குவதில்லை. பூக்காரர் ஒரு முறைப்படி கட்டி வைத்திருக்கிறார். நாம் இரண்டு முழம், மூன்று முழம் என்று வாங்குகிறோம். ஒரு முழம் வாங்கினாலும் பத்து முழம் வாங்கினாலும் பூக்களின் விகிதம் ஒன்றுதான். கனகாம்பரம் பிடிக்கவில்லை என்பதற்காக அதை மட்டும் உருவி எடுக்க முயன்றால் சரமே அவிழ்ந்துவிடும்.

இடிஎஃப் என்பது பங்குகளால் கட்டிய கதம்பம். பலரிடம் திரட்டிய பணத்தில் ஒரு ஃபண்ட் நிறுவனம் பல நிறுவனங்களின் பங்குகளை வாங்கி வைத்து, அந்த மொத்தத்தைச் சிறு சிறு யூனிட்டுகளாகப் பிரித்துப் பங்குச் சந்தையில் பட்டியலிடுகிறது. பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருப்பதற்கான டீமேட் கணக்கு உள்ள எவரும் ஒரு யூனிட்டைக்கூட, ஒரு பங்கை வாங்குவதுபோலவே, சந்தை நேரத்தில் வாங்கலாம், விற்கலாம். இந்தியாவின் முதல் இடிஎஃப்பான நிஃப்டி பீஸ் 2002 ஜனவரியில் வர்த்தகத்துக்கு வந்தது.

கதம்பத்தைக் கட்டும் முறைக்கு இங்கே குறியீடு என்று பெயர். எந்தெந்த நிறுவனங்கள் இடம்பெற வேண்டும், ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு எடை தர வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவைத்த விதிகளின் தொகுப்புதான் குறியீடு. நிஃப்டி 50-இன் விதி, சுருக்கமாகச் சொன்னால், அளவையும் எளிதாக வாங்கி விற்கும் தன்மையையும் மட்டுமே பார்க்கிறது. நிறுவனம் என்ன தொழில் செய்கிறது, அது நல்லதா கெட்டதா என்ற கேள்வியை அது கேட்பதே இல்லை. அதனால்தான் வங்கியும், மென்பொருள் நிறுவனமும், கோல் இந்தியாவும், பாதுகாப்புத் துறைக்கு மின்னணுக் கருவிகள் செய்யும் பாரத் எலெக்ட்ரானிக்ஸும் ஒரே சரத்தில் கோக்கப்படுகின்றன.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. குறியீட்டைப் பின்தொடரும் இடிஎஃப்பை நடத்தும் நிறுவனத்துக்குத் தன் விருப்பப்படி ஒரு பூவைச் சேர்க்கவோ நீக்கவோ உரிமை இல்லை. எழுதிவைத்த முறைப்படிதான் அது கட்ட வேண்டும். ஆகவே உங்கள் கொள்கை தொடர்பான கேள்வியை ஃபண்ட் நிறுவனத்தின் நற்பெயரைப் பார்த்துத் தீர்த்துக்கொள்ள முடியாது. குறியீட்டின் விதியைப் பார்த்துத்தான் கேட்க வேண்டும்.

சுருக்கமாக: இடிஎஃப் ஒரு கதம்பம், குறியீடு அதைக் கட்டும் முறை, வாங்குபவர் மொத்தமாகத்தான் வாங்க முடியும்.

## 'சைவம்' என்று எழுதிய பலகை

ஓட்டல் வாசலில் 'சைவம்' என்று எழுதியிருந்தால் உள்ளே இறைச்சி இராது என்பது உறுதி. ஆனால் அந்தப் பலகை எல்லாருக்கும் போதுமானதா? பூண்டும் வெங்காயமும் சேர்க்காதவருக்குப் போதாது. உருளைக்கிழங்கு, கேரட் போன்ற மண்ணுக்கடியில் விளைபவற்றைத் தவிர்க்கும் சமணருக்குப் போதாது. பாலும் தயிரும் விலங்கிடமிருந்து வருபவை என்று விலக்குபவருக்கும் போதாது. முட்டை கலந்த கேக்கைச் சைவக் கணக்கில் சேர்த்துக்கொள்பவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். பலகை ஒன்று, அதன் கீழ் அமர்பவர்களின் வரையறைகள் பல.

முதலீட்டிலும் அப்படியே. இந்தியச் சந்தையிலேயே இருக்கும் இரண்டு இடிஎஃப்களை அருகருகே வைத்துப் பார்த்தால் இது விளங்கும்.

முதலாவது, 2009-இல் தொடங்கப்பட்டு இப்போது நிப்பான் இந்தியா நிறுவனம் நடத்தும் நிஃப்டி 50 ஷரியா பீஸ். இது நிஃப்டி 50-இல் உள்ள நிறுவனங்களை இஸ்லாமிய நெறிப்படி சலித்து எடுக்கிறது. மது, புகையிலை, பன்றி இறைச்சி, சூதாட்டம் போன்ற தொழில்கள் விலக்கப்படுகின்றன. வட்டி அந்த நெறியில் தடைசெய்யப்பட்டது என்பதால் வங்கிகளும் நிதி நிறுவனங்களும் மொத்தமாக வெளியேறுகின்றன. சல்லடை அதோடு நிற்பதில்லை. எஞ்சிய நிறுவனம் எந்தத் தொழில் செய்தாலும், அதன் வட்டிக் கடன் மொத்தச் சொத்தில் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. வட்டி வழி வருமானம் மொத்த வருமானத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

இரண்டாவது, 2020-இல் வந்த மிரே அசெட் நிஃப்டி 100 இஎஸ்ஜி செக்டர் லீடர்ஸ் இடிஎஃப். இஎஸ்ஜி என்பது சுற்றுச்சூழல், சமூகம், நிர்வாகம் ஆகிய மூன்று சொற்களின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்த பெயர். ஒரு நிறுவனத்தை இந்த மூன்று கோணங்களிலும் மதிப்பிடுவதை இது குறிக்கிறது. 2004-இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் முன்முயற்சியில் வெளியான அறிக்கை ஒன்றின் வழியாகவே இந்தச் சொல் பரவியது. இந்த இடிஎஃப் பின்தொடரும் குறியீடு, புகையிலை, மது, சர்ச்சைக்குரிய ஆயுதங்கள், சூதாட்டம் ஆகிய தொழில்களை விலக்குகிறது. பிறகு ஒவ்வொரு துறையிலும் இஎஸ்ஜி மதிப்பீட்டில் முன்னிற்கும் நிறுவனங்களை எடுத்துக்கொள்கிறது.

முதல் இடிஎஃப்பில் ஒரு வங்கிகூட இல்லை. இரண்டாவதில் வங்கிகளுக்குப் பெரிய இடம் உண்டு. இரண்டுமே 'கொள்கை சார்ந்த' முதலீடுகள்தான். இரண்டாவது பட்டியலின் விலக்குகளில் நிலக்கரியும் பெட்ரோலியமும் பெயர் சொல்லி இடம்பெறவில்லை என்பதையும் கவனியுங்கள். பருவநிலை மாற்றத்தை நினைத்து அந்த இடிஎஃப்பைத் தேடிச் செல்பவர், புகையிலையை எண்ணிக் கட்டப்பட்ட வேலியை நிலக்கரிக்கும் கட்டப்பட்டதாக எண்ணி ஏமாந்துபோகலாம்.

## சல்லடையின் கண்கள்

கொள்கை சார்ந்த குறியீடுகள் பெரும்பாலும் மூன்று விதமாகச் சலிக்கின்றன. ஒரே குறியீட்டில் இரண்டு விதங்கள் கலந்தும் வரலாம்.

விலக்கல் என்பது மிகப் பழையது, எளிதானது: இன்ன தொழில் வேண்டாம் என்று பட்டியல் போடுவது. அமெரிக்காவில் வியட்நாம் போர்க்காலத்தில், ஆயுத உற்பத்தியில் தங்கள் பணம் சேரக் கூடாது என்று எண்ணிய மெதடிஸ்ட் கிறித்தவர்கள் 1971-இல் பாக்ஸ் வேர்ல்டு என்ற மியூச்சுவல் ஃபண்டைத் தொடங்கியது இந்த வழியில்தான்.

இதில் சிக்கல் எல்லைக்கோட்டில் வருகிறது. தெருமுனைப் பெட்டிக்கடையை எண்ணிப் பாருங்கள். வாழைப்பழம், நாளிதழ், தண்ணீர்ப் பாட்டில், சிகரெட் எல்லாம் அங்கே தொங்குகின்றன. அந்தக் கடைக்காரரைப் புகையிலை வியாபாரி என்பதா? அவருடைய வருமானத்தில் பாதி சிகரெட்டிலிருந்து வந்தால் என்ன சொல்வோம், இருபதில் ஒரு பங்கு மட்டும் வந்தால் என்ன சொல்வோம்? குறியீட்டு நிறுவனங்களும் இதே கேள்வியைச் சந்திக்கின்றன. வருமானத்தில் 5 சதவீதம் என்பதுபோல ஒரு வரம்பை வைத்துக்கொள்கின்றன. உற்பத்தி செய்பவருக்கு ஒரு வரம்பு, விற்பவருக்கு வேறு வரம்பு என்றும் வைப்பதுண்டு. 'புகையிலை விலக்கப்பட்டது' என்ற ஒற்றை வரிக்குப் பின்னால் இப்படி ஒரு எண் ஒளிந்திருக்கும். அந்த எண்ணைத் தேடிப் படிப்பதுதான் இந்த வேலையில் பாதி என்பது என் கருத்து.

துறை முதன்மை என்பது இரண்டாவது விதம். ஒவ்வொரு துறையையும் ஒரு வகுப்பாகக் கருதி, அந்தந்த வகுப்பில் முதல் மதிப்பெண் பெற்றவரை எடுத்துக்கொள்வது. எல்லாரும் தேர்வில் தவறிய வகுப்பிலும் முதல் மதிப்பெண் ஒருவருக்கு இருக்கத்தானே செய்யும்! எண்ணெய் நிறுவனங்களுள் சிறந்த எண்ணெய் நிறுவனம் இந்த வழியில் தாராளமாக உள்ளே வரும்.

கருப்பொருள் என்பது மூன்றாவது: சூரிய மின்சாரம், தூய்மையான குடிநீர், மின்சார வாகனம் என்று ஒரு துறையை மட்டும் தேடிச் சேர்ப்பது. பெயருக்கும் பொருளுக்கும் பொருத்தம் இதில் கூடுதலாக இருக்கும். நிறுவனங்களின் எண்ணிக்கை குறைவு என்பதால் ஏற்றஇறக்கமும் கூடுதலாக இருக்கும்.

ஆக, விலக்கல் கெட்டதை நீக்குகிறது, துறை முதன்மை துறைக்குள் ஒப்பிடுகிறது, கருப்பொருள் விரும்பியதைத் தேடுகிறது. வாங்கப்போகும் இடிஎஃப் இவற்றில் எது என்று தெரியாமல் அதன் பெயரை நம்புவதற்கில்லை.

## இஎஸ்ஜி மதிப்பெண் உண்மையில் எதை அளக்கிறது?

அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் இடம் இதுதான் என்பதால் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

ஆயுள் காப்பீடு எடுக்கும் முன் மருத்துவப் பரிசோதனை செய்கிறார்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை, இதயத் துடிப்பு எல்லாம் பார்க்கிறார்கள். காப்பீடு எடுப்பவர் அண்டை வீட்டாருக்கு உதவுபவரா, கடன் வாங்கினால் திருப்பிக் கொடுப்பவரா என்று மருத்துவர் கேட்பதில்லை. அவருக்கு என்ன ஆபத்து நேரக்கூடும் என்பதே அங்கே கணக்கு. அவரால் பிறருக்கு என்ன நேரும் என்பது வேறு கணக்கு.

பெரும்பாலான இஎஸ்ஜி மதிப்பெண்கள் இந்த மருத்துவப் பரிசோதனையைப் போன்றவை. சுற்றுச்சூழல் சட்டங்கள் இறுகினால், தொழிலாளர்கள் வழக்குத் தொடுத்தால், நிர்வாகத்தில் முறைகேடு வெளிப்பட்டால், அந்த நிறுவனத்தின் வருமானம் எவ்வளவு அடிவாங்கும், அதை எதிர்கொள்ள அது எவ்வளவு ஆயத்தமாக இருக்கிறது என்பதையே அவை முதன்மையாக அளக்கின்றன. உலகத்தால் நிறுவனத்துக்கு வரும் ஆபத்தை அளக்கும் கருவியை, நிறுவனத்தால் உலகத்துக்கு வரும் நன்மை தீமைகளின் அளவாக நாம் வாசிக்கிறோம்.

2022 மே மாதத்தில் நடந்தது இதற்கு நல்ல சான்று. அமெரிக்காவின் எஸ் அண்ட் பி 500 இஎஸ்ஜி குறியீட்டிலிருந்து மின்சாரக் கார் தயாரிக்கும் டெஸ்லா நீக்கப்பட்டது. எண்ணெய் நிறுவனமான எக்ஸான்மொபில் அதில் நீடித்தது. செய்தியைப் படித்த பலர் இதை நகைப்புக்குரியது என்றார்கள். குறியீட்டின் விதியைப் படித்தவர்களுக்கு வியப்பு சற்றுக் குறைவாகவே இருந்திருக்கும். ஒவ்வொரு நிறுவனமும் அதனதன் துறைக்குள் மட்டுமே ஒப்பிடப்படுகிறது. டெஸ்லா தன் துறைச் சகாக்களோடு ஒப்பிடும்போது பின்தங்கியது. கலிபோர்னியத் தொழிற்சாலையில் இனப் பாகுபாடு நிலவியதாக எழுந்த புகார்களும், தானியங்கி ஓட்டுநர் வசதி தொடர்பான விபத்து விசாரணையை அது கையாண்ட விதமும் காரணங்களுள் சில. கார் புகை விடுகிறதா என்பது அந்த மதிப்பீட்டில் பல பாடங்களுள் ஒரு பாடம்தான்.

மதிப்பெண் போடுபவர்களும் தங்களுக்குள் ஒத்துப்போவதில்லை. ஆறு மதிப்பீட்டு நிறுவனங்களை ஒப்பிட்டு, அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பங்கேற்ற ஆய்வொன்று 2022-இல் வெளியானது. அதன்படி, ஒரே நிறுவனத்துக்கு அவர்கள் தரும் மதிப்பெண்களுக்கு இடையிலான ஒப்புறவு சராசரியாக 0.54. ஒப்புறவு என்பது இரண்டு அளவுகள் எவ்வளவு சேர்ந்து நகர்கின்றன என்று காட்டும் எண். முழுவதும் ஒத்துப்போனால் 1, தொடர்பே இல்லையென்றால் 0. ஒரே விடைத்தாளைத் திருத்தும் ஆசிரியர்களுக்கிடையே இவ்வளவு இடைவெளி இருந்தால் மறுகூட்டலுக்கு விண்ணப்பிக்காத மாணவர் இருக்கமாட்டார்.

பெயருக்கும் உள்ளடக்கத்துக்கும் இடையே உள்ள இந்த இடைவெளியை ஒழுங்குமுறை அமைப்புகளும் கவனித்திருக்கின்றன. ஜெர்மனியின் டாய்ச்ச வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த முதலீட்டு நிறுவனமான டிடபிள்யூஎஸ், இஎஸ்ஜி பற்றித் தான் விளம்பரப்படுத்திய நடைமுறையை முறையாகச் செயல்படுத்தவில்லை என்ற குற்றச்சாட்டில் 2023 செப்டம்பரில் அமெரிக்காவில் 1.9 கோடி டாலர் அபராதம் செலுத்த ஒப்புக்கொண்டது. அதே ஆண்டு ஜூலையில் நம் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி, மேலாளர் பங்குகளைத் தேர்ந்தெடுக்கும் இஎஸ்ஜி மியூச்சுவல் ஃபண்டுகளுக்கு ஆறு உத்திகளை வரையறுத்து, எந்த உத்தி என்பது பெயரிலேயே தெரிய வேண்டும் என்றும், 80 சதவீதப் பணமாவது அந்த உத்திப்படி இருக்க வேண்டும் என்றும் விதித்தது.

## உங்கள் பணம் எங்கே போகிறது?

ஒருவர் பழைய மோட்டார் சைக்கிளை வாங்கினால் பணம் யாருக்குப் போகிறது? முந்தைய உரிமையாளருக்கு. வண்டியைத் தயாரித்த நிறுவனத்துக்கு அதில் ஒரு பைசாவும் சேராது. சந்தையில் இடிஎஃப் யூனிட்டை வாங்குவதும் அப்படித்தான். அதற்காகப் புதிதாகப் பங்குகள் வாங்கப்பட்டாலும் அவை ஏற்கெனவே யாரோ வைத்திருந்த பங்குகளே. எனவே 'சூரிய மின்சார நிறுவனத்துக்கு நான் மூலதனம் கொடுத்தேன்' என்பதும், 'சிகரெட் நிறுவனத்தின் மூலதனத்தை நிறுத்தினேன்' என்பதும் பெரும்பாலும் மிகைக்கூற்றுகள்.

அப்படியானால் பயனே இல்லையா? ஒரு வழி வாக்குரிமை. பங்குகள் ஃபண்டின் பெயரில் இருப்பதால் நிறுவனங்களின் தீர்மானங்களில் வாக்களிப்பதும் ஃபண்ட்தான். 2022 ஏப்ரலிலிருந்து, இடிஎஃப்களையும் உள்ளடக்கிய இந்திய மியூச்சுவல் ஃபண்டுகள் எல்லாத் தீர்மானங்களிலும் வாக்களிப்பது கட்டாயம். எப்படி வாக்களித்தன என்ற விவரத்தை அவை தத்தம் இணையதளங்களில் வெளியிடுகின்றன. இன்னொரு காரணம் இன்னும் எளியது: எனக்கு ஒவ்வாத தொழிலின் லாபத்தில் பங்கு கேட்க மாட்டேன் என்ற முடிவு. உலகத்தை மாற்றுகிறதோ இல்லையோ, அது முழுமையான காரணம். அதற்கு வேறு நியாயம் தேட வேண்டியதில்லை என்றே நினைக்கிறேன்.

## சலித்தால் எடை மாறும்

ஒரு பூவை நீக்கிவிட்டுக் கட்டிய கதம்பம் வேறு கதம்பம். நிஃப்டி 50-இல் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு எடை நிதித் துறைக்கு உரியது. ஷரியா சல்லடை அதை முழுவதும் எடுத்துவிடுவதால், மிஞ்சும் சில நிறுவனங்களில், குறிப்பாக மென்பொருள் துறையில், எடை குவிகிறது. வங்கிகள் ஏறும் ஆண்டில் அந்த இடிஎஃப் பின்தங்கக்கூடும். வங்கிகள் சரியும் ஆண்டில் முந்தக்கூடும்.

செலவு விகிதத்தையும் பாருங்கள். ஃபண்டை நடத்த ஆண்டுதோறும் உங்கள் பணத்திலிருந்து கழிக்கப்படும் பகுதிதான் அது. ஒரு லட்சம் ரூபாய் ஆண்டுக்கு 10 சதவீதம் வளர்வதாகக் கொண்டால், 0.05 சதவீதச் செலவில் இருபது ஆண்டுகளில் அது ஏறத்தாழ 6.67 லட்சமாகும்; 0.5 சதவீதச் செலவில் 6.14 லட்சமாகும். ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட அந்த வேறுபாடுதான் சல்லடைக்கு நீங்கள் கொடுக்கும் கூலி.

தொடக்கநிலையாளர் தவறவிடும் இன்னொன்று, வாங்குவோரும் விற்போரும் குறைவாக உள்ள இடிஎஃப்பின் சந்தை விலை, உள்ளே இருக்கும் பங்குகளின் உண்மை மதிப்பிலிருந்து விலகி நிற்கக்கூடும் என்பது. அந்த உண்மை மதிப்பை யூனிட் கணக்கில் சொல்வதுதான் என்ஏவி. சந்தை நேரத்தில் அதன் உத்தேச மதிப்பை ஃபண்ட் நிறுவனத்தின் இணையதளத்தில் பார்த்துவிட்டு, இந்த விலைக்கு மேல் வேண்டாம் என்று சொல்லும் லிமிட் ஆர்டர் போட்டு வாங்குவது நல்லது.

## காகிதமும் பேனாவும்

முதலில், எந்த இணையதளத்தையும் திறக்குமுன், நீங்கள் சகிக்கவே முடியாத தொழில்கள் இரண்டோ மூன்றோ இருந்தால் எழுதிக்கொள்ளுங்கள். பத்து எழுதினால் எந்த இடிஎஃப்பும் தேறாது. பிறகு இடிஎஃப் பின்தொடரும் குறியீட்டின் பெயரைக் கண்டுபிடித்து, அந்தக் குறியீட்டை வெளியிடும் நிறுவனத்தின் விதிமுறை ஆவணத்தில் விலக்குப் பட்டியலையும் வரம்புகளையும் படியுங்கள். கடைசியாக, மியூச்சுவல் ஃபண்டுகள் மாதந்தோறும் வெளியிட வேண்டிய முதலீட்டுப் பட்டியலை எடுத்து, மேலிருந்து கீழ்வரை ஒவ்வொரு பெயராகப் பாருங்கள். விதி என்ன சொன்னாலும், உங்களுக்கு உறுத்தும் பெயர் அங்கே இருந்தால் அந்தச் சல்லடை உங்களுடையதில்லை. குறியீடுகள் அவ்வப்போது மாற்றியமைக்கப்படுவதால் ஆண்டுக்கு இரண்டு முறையாவது பட்டியலை மறுபடி பார்க்க வேண்டும்.

பொருத்தமான இடிஎஃப் கிடைக்காமல் போவதும் உண்டு. அப்போது அளவை எண்ணிப் பார்ப்பது உதவும். ஒரு சாதாரணக் குறியீட்டு இடிஎஃப்பில் உங்களுக்கு ஒவ்வாத நிறுவனத்தின் எடை 3.5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், ஒரு லட்சம் ரூபாயில் அதன் பங்கு 3,500 ரூபாய். அந்நிறுவனம் ஆண்டுக்கு 3 சதவீதம் டிவிடெண்ட் (லாபப் பங்கு) தந்தால் அதில் உங்களைச் சேர்வது 105 ரூபாய். இஸ்லாமிய முதலீட்டாளர்களிடையே, வருமானத்தில் நெறிக்கு ஒவ்வாத பகுதியைக் கணக்கிட்டு அறப்பணிக்குக் கொடுத்துவிடும் வழக்கம் இருக்கிறது. டிவிடெண்ட் உங்கள் கைக்கு வராமல் ஃபண்டுக்குள்ளேயே மறுமுதலீடாகிவிட்டாலும், அதற்கு ஈடான தொகையைக் கையிலிருந்து எடுத்துக் கொடுக்க எவரும் தடுக்கப்போவதில்லை. தொடக்கத்தில் பார்த்தவர் அந்த 105 ரூபாயை ஆண்டுதோறும் ஒரு புற்றுநோய் மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டு அதே இடிஎஃப்பை வைத்துக்கொள்ளலாம். அல்லது 105 ரூபாயானாலும் அது தமக்கு வேண்டாம் என்று வேறு கதம்பத்தைத் தேடிப் போகலாம்.